குடிக்காதவனின் போதை

அத்தியாயம் – 7

"உங்க உத்தமர் நேத்து மறுபடியும் ஃபுல் தண்ணி" என்றார் சிறைக் கண்காணிப்பாளர்.

பட்டாசுக்கு வாயடைத்துப் போனது. இது அபூர்வம். அவளுக்கு அந்தப் பெயரே வாயால் வந்ததுதான். துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரமே, நகையைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு முதலாளியிடம், "திருடன் உள்ள வர்றதுக்கு முந்தி உங்க மச்சான் வெளிய போனாராமே, அவரைத் தேடினா திருடனைத் தேட வேண்டாம்" என்று வெடித்தவள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவளுடைய முதலாளி நேர் எதிர். போலீஸ் வேலையைப் பாதியில் உதறிவிட்டு வந்த மனிதர். கண் இமைக்காமல், உதடு பிரியாமல் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பார். பழைய சகாக்கள் வைத்த பெயர் கோட்டான். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், கண்காணிப்பாளரின் மேஜைக்கு முன்னால், எதையும் கேட்காதவர் போல.

"ஃபுல் தண்ணின்னா... பூட்டின ரூமுக்குள்ளயா?" என்று கேட்டாள் பட்டாசு, குரல் கிடைத்ததும்.

"பூட்டின ரூமுக்குள்ளதான். தனி அறை. ஆளு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறார், கம்பியைப் பார்த்துச் சிரிக்கிறார், அப்புறம் ஓன்னு அழுறார். இதை நான் அப்பீல் கோர்ட்டுக்கு எழுதியே ஆகணும். இனிமே உங்க வக்கீல் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு 'என் கட்சிக்காரர் குடிக்காதவர்'னு சொல்லுவார்?"

பட்டாசு கோட்டானைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த உத்தமர் ஒரு பள்ளி வேன் டிரைவர். நல்ல வெளிச்சமான ஒரு காலையில், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வேனைக் கொண்டுபோய் மோதினார். பின்னால் இருந்த பிள்ளைகள் கை கால் முறிவோடு தப்பித்தார்கள். முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய சொந்த மகள் தப்பிக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். டிரைவரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சாராயம், அதுவும் தாராளமாக. "ஒரு சொட்டுக்கூட நான் தொடல" என்று அவர் கத்தியதை நீதிமன்றம் நம்பவில்லை. தண்டனை கொடுத்து உள்ளே தள்ளியது. மேல்முறையீடு விசாரணைக்கு வர இருந்தது.

கோட்டானைத் தேடி வந்தவள் டிரைவரின் மனைவி. அழுது தீர்த்த முகம். "அப்பீலு, விடுதலை எல்லாம் வக்கீல் பாடு சார். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னிக்கு அவர் குடிச்சாரா, இல்லையா? குடிச்சார்னா அந்த ஆளு முகத்துல இந்த ஜென்மத்துல முழிக்க மாட்டேன். குடிக்கலைன்னா, என் மகளோட அப்பாவை நான் கைவிடக் கூடாது இல்லையா?"

அன்றிலிருந்து இருவரும் அலையாத மதுக்கடை இல்லை. விசாரிக்காத சிநேகிதன் இல்லை. அவர் குடித்ததைப் பார்த்தவன் ஒருத்தன்கூட அகப்படவில்லை. இனி ஜெயித்துவிடலாம் என்று பட்டாசு நம்பத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் இந்த இடி.

மேஜைக்கு அந்தப் பக்கம், தொப்பியைக் கையில் கசக்கியபடி ஒரு வார்டர் நின்றுகொண்டிருந்தார்.

"சாவி இவர்கிட்ட. அப்ப சரக்கும் இவர் வழியாத்தான் போயிருக்கணும். இன்னிக்கே சஸ்பெண்ட்" என்றார் கண்காணிப்பாளர்.

"ஐயா, என் பிள்ளைங்க மேல சத்தியம், நான் கொடுக்கல" என்றார் வார்டர். அழாத குறை. "மூலை முடுக்கெல்லாம் தேடினேன். பாட்டிலும் இல்ல, மூடியும் இல்ல. அந்த வாடையே கடைச் சரக்கு வாடை இல்லீங்க. புளிச்சுப் பொங்கின மாவுப் பாத்திரத்தைத் திறந்தா குப்புனு ஒண்ணு அடிக்குமே, அந்த மாதிரி."

"சந்தைக்குப் புதுசா மாவுச் சரக்குன்னு ஒண்ணு வந்திருக்கு போல" என்றாள் பட்டாசு. யாரும் சிரிக்கவில்லை.

கோட்டான் முதல்முறையாக உதட்டைப் பிரித்தார். "மறுபடியும்னீங்களே. முதல் தடவை எப்போ?"

வார்டர்தான் பதில் சொன்னார். "அவர் சம்சாரம் பார்க்க வந்த அன்னிக்குங்க. பன்னு, ஜாம், வாழைப்பழம் கொடுத்துட்டுப் போச்சு. எல்லாத்தையும் நானே பிரிச்சுப் பார்த்துத்தான் உள்ள விட்டேன். அதுவரைக்கும் மக நினைப்புல சரியாச் சாப்பிடாத ஆளு, அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். சாயங்காலம் பார்த்தா ஆளு ஆடுறார்."

"நேத்து?"

"நேத்து மேலதிகாரி பார்வையிட வந்தாருங்க. அதனால சமையல் தடபுடல். ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்புக் கஞ்சி. இவர் ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"நடுவுல உள்ள நாளெல்லாம்?"

"பாவம், பல்வலி. தாடை வீங்கிடுச்சு. வெறும் முட்டையும் கறிச்சாறும்தான் இறங்கிச்சு. அப்பல்லாம் தெளிவா இருந்தார். என் பிள்ளைங்க படிப்பைப் பத்திக்கூட விசாரிச்சார்."

கோட்டான் எழுந்துகொண்டார். "அவரைப் பார்க்கணும்."

தனி அறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு தண்ணீர்க் குவளை, சுவரில் கையெட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். டிரைவர் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான மனிதர், இப்போது பாதியாகத் தெரிந்தார்.

பட்டாசால் பொறுக்க முடியவில்லை. "ஏண்ணே, உங்களுக்காக நாங்க தெருத் தெருவா நாக்குத் தள்ள அலையறோம். நீங்க இங்க உட்கார்ந்து..."

"குடிக்கலம்மா" என்றார் அவர். சத்தமே இல்லாமல். "ஆனா போதை ஏறுது. எனக்கே தெரியுது. தலை சுத்துது, நாக்கு குழறுது. தெளிஞ்சதும் மண்டை பிளக்குது. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எழுந்து போய்க் குடிக்கிறேனோ என்னவோ. அன்னிக்கும் அப்படித்தானோ என்னவோ. நீங்க வீணா அலையாதீங்க. விட்டுடுங்க."

கோட்டான் குவளையை முகர்ந்தார். மெத்தையைப் புரட்டினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கட்டில் காலின் குழாயைக்கூட எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றார். அவர் தோள் தொங்கியதைப் பார்த்த பட்டாசுக்கு, வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றியது. அந்த மாதிரி நேரத்தில்தான் அவள் வாய் சும்மா இருக்காது.

"ஊர்ல எல்லாரும் குடிச்சுட்டுச் சாப்பிடுவாங்க சார். இவர் சாப்பிட்டுட்டு ஆடுறார். பன்னைத் தின்னா பாதி போதை, கஞ்சியைக் குடிச்சா முழு போதை!"

கோட்டான் அசையாமல் நின்றார்.

"திரும்பச் சொல்லு."

"சார், சும்மா ஒரு கிண்டலுக்கு..."

"சொல்லு."

"பன்னைத் தின்னா பாதி போதை, கஞ்சியைக் குடிச்சா முழு போதை."

"முட்டையும் கறிச்சாறும் சாப்பிட்டா?"

பட்டாசு வாயைத் திறந்தாள். மூடினாள். "தெளிவு" என்றாள் மெதுவாக.

கோட்டான் திரும்பிப் போய் டிரைவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "விபத்துக்கு முந்தி உங்களுக்கு ஏதாவது உடம்புக்கு வந்துச்சா?"

"கால்ல ஆணி குத்திச் சீழ் வெச்சுது. கிருமியைக் கொல்றதுக்குன்னு பெரிய பெரிய மாத்திரையா வாரக்கணக்குல கொடுத்தாங்க. கால் சரியாயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம்தான் ஒரே அசதி. வயிறு உப்பும். ஏப்பம் ஏப்பமா வரும்."

"ஏப்பம்" என்று முணுமுணுத்தார் கோட்டான். "மாவு பொங்குறது எதனால, பட்டாசு?"

"ஈஸ்ட் போட்டா பொங்கும். பன்னுல கூட அதுதான் சார்."

"ஈஸ்ட் எதைத் தின்னும்?"

"சர்க்கரையை."

"தின்னுட்டு?"

பட்டாசு டிரைவரின் வயிற்றைப் பார்த்தாள். திராட்சைச் சாற்றை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது?

சிறை மருத்துவமனையின் டாக்டரம்மா முதலில் காதிலேயே வாங்கவில்லை. "எல்லார் வயித்துலயும் கொஞ்சம் ஈஸ்ட் இருக்கத்தான் செய்யும். அதுக்காக எல்லாரும் தள்ளாடுறாங்களா?" என்று துரத்தப் பார்த்தார். ஆனால் கண்காணிப்பாளர் சம்மதித்தார். சிறைக்குள் சாராயம் கடத்தப்படுகிறது என்கிற அவப்பெயர் நீங்கினால் அவருக்கும் நல்லதுதானே.

மறுநாள் காலை மருத்துவமனையின் ஓரத்து அறையில் சோதனை தொடங்கியது. டிரைவரை உடை மாற்ற வைத்தார்கள். அறையை ஒட்டடை வரைக்கும் துழாவினார்கள். போக்குவரத்துப் போலீஸ் தெருவில் ஊதச் சொல்லும் கருவியை டாக்டரம்மா அவர் வாயில் வைத்தார். சுத்தம். பிறகு கதவைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே நான்கு பேர். ரொட்டி, ஜாம், அவித்த உருளைக்கிழங்கு, ஒரு ஜாடி நிறையச் சர்க்கரைத் தண்ணீர்.

"சாப்பிடுங்க" என்றார் கோட்டான்.

டிரைவர் சாப்பிட்டார். மூன்று பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனிதன் சாப்பிடுவதைப் பார்ப்பது எவ்வளவு சங்கடம் என்று பட்டாசுக்கு அன்றுதான் தெரிந்தது.

"கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவங்ககூட இப்படிப் பார்க்க மாட்டாங்கண்ணே, கண்டுக்காதீங்க" என்றாள். அவர் லேசாகச் சிரித்தார். அவர் தெளிவோடு சிரித்து அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெயில் ஜன்னலில் ஏறி, உச்சிக்குப் போய், மறுபக்கம் சரிந்தது. அவர் வயிறு உப்பியது. ஏப்பம் விட்டார். இன்னும் கொஞ்சம் சாப்பிட்டார். டாக்டரம்மா அடிக்கடி கருவியை நீட்டி, உதட்டைப் பிதுக்கினார். பிற்பகலில் டிரைவரின் கண் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தார். நாக்கு புரளவில்லை. ஜன்னலைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தார். பிறகு முகம் கோணி, "பாப்பா, பெல்ட்டைப் போடும்மா... பெல்ட்டைப் போடு..." என்று காற்றிடம் கெஞ்ச ஆரம்பித்தார்.

கருவி கீச்சிட்டது.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடி கீச். தன் வாயில் வைத்து ஊதினார். சுத்தம். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"படிச்சிருக்கேன்" என்றார். "கண்ணால பார்ப்பேன்னு நினைக்கல."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்றாள் பட்டாசு.

"நாம சுவாசிக்கிறது மூக்கோட முடிஞ்சு போறதில்ல. உடம்புல ஒவ்வொரு செல்லும் சுவாசிக்குது. ரொட்டியும் கிழங்கும்கூட வயித்துல சர்க்கரையாத்தான் மாறும். அந்தச் சர்க்கரையை உடைச்சு, மூச்சுல வர்ற ஆக்சிஜனை வெச்சு அதைக் கடைசி வரைக்கும் எரிக்குது. எரிச்சு முடிச்சா மிச்சம் தண்ணியும் கரியமில வாயுவும்தான். சக்தி பெரும்பகுதி நமக்கு வந்துடும். ஈஸ்டும் அதே மாதிரி செல்தான். சர்க்கரையை உடைக்கிற முதல் கட்டம் அதுக்கும் நமக்கும் ஒண்ணுதான். ஆனா குடலுக்குள்ள காத்து ஏது? ஆக்சிஜன் இல்லாத இடத்துல ஈஸ்ட் பாதியிலயே வேலையை நிறுத்திடுது. அந்த அரைகுறை மிச்சம்தான் சாராயம். கூடவே வாயு. இவர் ஏப்பம் அதுதான்."

"அப்ப மீதி சக்தி?"

"அந்தச் சாராயத்துக்குள்ளேயே தங்கிடுது. ஸ்பிரிட்ல தீக்குச்சி வெச்சா ஏன் எரியுது? ஈஸ்ட் எடுக்காம விட்ட சக்திதான் அப்படி எரியுது. பாதியில நிறுத்துறதால ஈஸ்டுக்குக் கிடைக்கிறது துளியூண்டு. அதனால பிழைக்கிறதுக்கு அது சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னணும். எவ்வளவு தின்னுதோ அவ்வளவு சாராயம்."

"ஆனா எல்லார் வயித்துலயும் இருக்குன்னீங்களே?"

"இருக்கும். அதை அடக்கி வைக்கிறதுக்கு நல்ல பாக்டீரியா கூட்டம் ஒண்ணும் இருக்கும். இவர் காலுக்குச் சாப்பிட்ட மாத்திரை அந்தக் கூட்டத்தையும் சேர்த்துக் கொன்னிருக்கு. காலி இடத்துல ஈஸ்ட் குடியேறிடுச்சு."

பட்டாசு குதித்தே விட்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்று சொல்ல வந்தவள், இந்த வழக்கில் வயிற்றில் எதையும் வார்க்கிற பேச்சு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். "சார்! ஊரெல்லாம் தேடின ஆளு உள்ளூர்லயே தலைமறைவா இருந்திருக்கான். வக்கீலுக்குச் சொல்லிட்டு வர்றேன்!" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

வக்கீல் தொலைபேசியில் கிடைப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. அவர் இரண்டு முறை "நிஜமாவா?" என்றார். நீதிமன்றத்தின் சார்பில் டாக்டர்கள் வந்து இதே சோதனையை ஒருமுறை செய்தால் போதும், வழக்கு தவிடுபொடி என்றார். பட்டாசு படிகளை இரண்டிரண்டாகத் தாவித் திரும்பி வந்தாள்.

அறையில் டாக்டரம்மா இல்லை. டிரைவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கொஞ்சம் தெளிந்திருந்தார். கோட்டானின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"இனிமே அழக்கூடாதுண்ணே! ஜெயிச்சுட்டோம்!"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போதையின் மிச்சம் என்று நினைத்தாள் அவள்.

காரில் கோட்டான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது வழக்கம்தான். "ஒரே ஒரு சிரிப்பு சார், காசா பணமா?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் அவர் திரும்பவில்லை. சலவை நிலையத்துக்குத் திரும்பினார். அங்கேதான் டிரைவரின் மனைவி வேலை செய்தாள்.

ஆவி மண்டிய பெரிய கொட்டகை. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. விரிப்பைத் தேய்க்கும் சூடான உருளைகளுக்கு இடையே ஈரத் துணியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இவர்களைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவளிடம் முனையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கோட்டானின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது" என்றார் கோட்டான். "குடிச்சிருக்கார்ம்மா."

பட்டாசுக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ என்று தோன்றியது.

அந்தப் பெண் கண்ணை மூடினாள். தலையை மெல்ல ஆட்டினாள். "சரி" என்றாள். "நல்லதுதான். இத்தனை நாளா யார் மேல கோவப்படுறதுன்னு தெரியாம தவிச்சேன். இனிமே அந்த ஆளைத் திட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம்."

"பொய்!" பட்டாசு வெடித்தாள். "சார், என்ன பேசறீங்க நீங்க?"

"பட்டாசு, வாயை மூடு!"

கோட்டான் குரல் உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. வேறு எவராக இருந்தாலும் அந்தக் குரலுக்கு அடங்கியிருப்பார்கள். அவள் அடங்கவில்லை. நியாயம் தன் பக்கம் என்று நினைத்தாள்.

"அக்கா, அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல! நாங்க கண்ணால பார்த்தோம். டாக்டரும் பார்த்தாங்க. அவர் குடலுக்குள்ள ஈஸ்ட் வளர்ந்திருக்கு. அவர் சாப்பிடுற சாப்பாட்டை அது சாராயமா மாத்துது. அவருக்கே தெரியாம. உங்க புருஷன் நிரபராதி அக்கா!"

அந்த முகம் மலர்ந்ததைப் பட்டாசு பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் விலகியது. வாய் நடுங்கிச் சிரிப்பானது. "குடிக்கலையா? நிஜமா குடிக்கலையா?" என்று பட்டாசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சூடான, சோப்பில் ஊறி வெளுத்த கைகள். "எனக்குத் தெரியும். எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அவர் அப்படிப்பட்டவர் இல்ல. கடவுளே... சாப்பாடா? எந்தச் சாப்பாடு?"

"இனிப்பு, ரொட்டி, கிழங்கு. சர்க்கரைத் தண்ணி குடிச்சா இன்னும் வேகமா..."

கைகளின் பிடி தளர்ந்தது.

பட்டாசு பேசுவதை நிறுத்தினாள். கோட்டான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளுக்கோஸ் தண்ணி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"கால் புண்ணுக்கு அப்புறம் துவண்டு துவண்டு விழுந்தார். தெம்பு வரட்டும்னு நான்தான் கரைச்சுக் கரைச்சுக் கொடுத்தேன். குடிக்கக் குடிக்க அசதி கூடிச்சு. அசதி கூடுதேன்னு இன்னும் கொடுத்தேன். முந்தின நாள் பூரா கொடுத்தேன். அன்னிக்குக் காலையில 'வேண்டாம்மா, தலை கனமா இருக்கு, இன்னிக்கு லீவு போட்டுடறேன்'னார். 'வேலை போயிடும், இதைச் சாப்பிட்டா சரியாயிடும்'னு ஜாம் தடவி ஊட்டாத குறையாக் கொடுத்து அனுப்பினேன்." நிறுத்தினாள். பிறகு, யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "பாப்பாதான் தண்ணியைக் கலக்கினா. 'அப்பாவுக்கு இன்னும் ஒரு ஸ்பூன் போடும்மா, அப்பா பாவம்'னா. போட்டேன்."

உள்ளே உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.

"அக்கா, யாருக்கும் தெரியாத விஷயம் இது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?" பட்டாசின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அந்தப் பெண் அவளைப் பார்க்கவில்லை. கோட்டானைத்தான் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா சார், இது?"

கோட்டான் நிமிர்ந்தார். "தெளிஞ்சதும், டாக்டர் சொன்னதை வெச்சு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். 'அவகிட்ட நான் குடிச்சேன்னே சொல்லிடுங்க. என்னை வெறுத்தா அவ பிழைச்சுக்குவா. இது தெரிஞ்சா பிழைக்க மாட்டா'ன்னு."

பட்டாசு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேல்முறையீட்டு விசாரணையன்று அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறினாள். யார் தடுத்தும் கேட்கவில்லை. தன் கையால் என்னென்ன கொடுத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மாவும் தான் பார்த்ததைச் சொன்னார். அரசாங்க வக்கீல், "சாப்பிட்டதுக்கெல்லாம் போதை ஏறும்னா நாட்டுல மதுக்கடை எதுக்கு?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. பட்டாசின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. அவளுக்கு உடம்பு கூசியது.

நீதிபதி சிரிக்கவில்லை. நீதிமன்ற மருத்துவர்களின் முன்னிலையில் அதே சோதனையை நடத்தலாம், கைதி சம்மதித்தால், என்றார்.

டிரைவர் எழுந்து நின்றார். மனைவி நின்ற பக்கம் பார்க்காமல், "சம்மதமில்லீங்க ஐயா" என்றார். "அவ என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றா. நான் குடிச்சேன். வேன் எடுக்கிறதுக்கு முந்தி, வீட்டுக்குத் தெரியாம குடிச்சேன். அவ கொடுத்த எதுலயும் ஒரு குத்தமும் இல்ல."

"இல்லை! இல்லை!" என்று கத்தினாள் அவள். காவலர்கள் அமைதிப்படுத்தினார்கள்.

குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு நீதிபதி என்னதான் செய்வார்? மேல்முறையீடு தள்ளுபடியானது. சில வாரங்களில் டாக்டரம்மா கொடுத்த மருந்தில் டிரைவரின் குடல் குணமானது. அதற்குப் பிறகு அவர் எதைச் சாப்பிட்டாலும் கருவி கீச்சிடவில்லை. நிரூபிக்க இனி வழியில்லை. வார்டருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இந்த வழக்கில் நல்லது நடந்தது அவர் ஒருவருக்குத்தான்.

கோட்டான் பட்டாசைக் கடிந்துகொள்ளவே இல்லை. ஒருமுறை அவளே கேட்டாள். "நான் வாயை மூடியிருந்தா..."

"இன்னிக்கு இல்லாட்டி இன்னொரு நாள் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருப்பாங்க" என்றார் அவர். அவர் பொய் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று சலவை நிலையத்தில் பார்த்திருந்ததால், அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

பார்வையாளர் நாளன்று அந்தப் பெண்ணுக்குத் துணையாகச் சிறைக்குப் போனாள் பட்டாசு. மற்றவர்கள் கையில் பொட்டலமும் பாத்திரமுமாக வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் மட்டும் வெறுங்கையோடு நின்றாள். ஏதாவது வாங்கிக்கலாமா என்று கேட்க வாயெடுத்து, பட்டாசு நிறுத்திக்கொண்டாள். கேட்காமல் நிறுத்துவது இப்போதெல்லாம் அவளுக்குப் பழகியிருந்தது.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் டிரைவர் வந்து நின்றார். குணமாகி, நிறம் தெளிந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீதிமன்றத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. மகளைப் பற்றியும் பேசவில்லை. சுற்றிலும் கைதிகளும் குடும்பங்களும் இரைந்துகொண்டிருந்தார்கள். அவள் மிகவும் இளைத்துப் போயிருந்தாள். அவர் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, புருஷன்கள் கேட்கிற அதே சாதாரணக் கேள்வியைக் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் சொல்ல முயன்றாள். நேரம் முடிந்தது என்று வார்டர் வந்து சொல்லும்வரை முயன்றுகொண்டே இருந்தாள்.